ஆளுக்கு முன்னே போகும் தடம்

மஞ்சம்பாறையில் மழை பெய்தால் ஆளுக்கு முன்னே ஆளின் கால்தடம் போய்விடும் என்பதை அந்த ஊர்க்காரர்கள் யாரிடமும் அதிசயமாகச் சொன்னதில்லை. கேட்டால் மட்டும் சொல்வார்கள், அதுவும் கேட்டவர் தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, உட்கார்ந்த பிறகுதான். ஆகவே, மலையுச்சி ஊரிலிருந்து சமவெளி வரைக்கும் காட்டுக்குள்ளேயே நாள்கணக்காகப் போகும் நெடுநடைப் பாதையில் விடிந்ததிலிருந்து நனைந்துகொண்டே இறங்கி வந்த அந்த மூன்று பெண்களுக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை.

மூவரும் திண்டுக்கல்காரிகள், கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள், கல்யாணமான பிறகும் ஒருத்தியை ஒருத்தி விடாமல் ஒரே தெருவில் வீடு பிடித்துக் குடியேறியவர்கள். அப்படி வீடு பார்த்துக் கொடுத்தது கோதை. இந்த நடைக்கு இழுத்து வந்ததும் அவள்தான். தையல் கடை வைத்திருந்தாள், சத்தமாகச் சிரிப்பாள், காலில் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம் என்பதால் புருஷனை ஆட்டி வைக்கிறவள் என்று விடுதிக் காலத்திலிருந்தே பேர் வாங்கியிருந்தாள். ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தட்டைப் பாதம், தட்டையான பேச்சு, தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். மூன்றாமவள் பவளக்கொடி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் பிறத்தியாருக்கு ஊசி குத்துகிறவள், ஆனால் அந்தத் தெருவிலேயே பயந்தாங்கொள்ளி.

போன் அடித்தால் பவளத்துக்குப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். முன்பெல்லாம் அப்படி இல்லை. கோயில் கோயிலாக ஏறி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் படுத்து, இனிமேல் இல்லை என்று மாமியார் வீடு மொத்தமும் கைகழுவிய பிறகு பிறந்தாளே அமுதினி, அவள் பிறந்த அன்றைக்கு வந்து ஒட்டிக்கொண்ட பயம் அது. அமுதினி இப்போது இரண்டாம் வகுப்பு. இன்னமும் அம்மாவின் காதுமடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். அந்தப் பிள்ளையை அப்பாவிடம் விட்டுவிட்டு வந்ததற்காகப் பவளம் வழி நெடுகத் தன்னையே வைதுகொண்டு வந்தாள், மழை வலுத்த பிறகு கோதையையும் சேர்த்து வைதாள்.

"வருசத்துல நாலு நாளு நமக்குன்னு நடக்கணும்டி. அட்டை கடிச்சா ரத்தம் போகும், உசுரா போகும்?" என்றாள் கோதை.

"நீ பேசாம நட. ஓடையில தண்ணி ஏறிருச்சுன்னா பஸ்ஸை விட்டுருவோம்" என்றாள் பவளம்.

முதலில் பார்த்தது ஸ்டெல்லா. பாறையை விட்டு செம்மண்ணில் பாதை இறங்கும் இடத்தில், அவர்களுக்கு முன்னால், அப்போதுதான் மிதித்துப் போன மாதிரி மூன்று ஜோடி ஷூ தடங்கள், மழைத்தண்ணீர்கூட இன்னும் நிறையாமல் புத்தம்புதிதாகப் பதிந்திருந்தன. யாரோ முன்னே போகிறார்கள் என்று கோதை வாயில் கை குவித்துக் கூப்பிட்டுப் பார்த்தாள், மலை திருப்பிக் கூப்பிட்டதே ஒழிய மனிதக் குரல் வரவில்லை. ஸ்டெல்லா தன் ஷூவை ஒரு தடத்தின் பக்கத்தில் வைத்து எடுத்தாள். அதே நீளம், அதே நெளிநெளி வரி, குதிகாலில் அதே தேய்மானம். மூவரும் ஒரே கடையில், ஒரே நாளில், பேரம் பேசி வாங்கிய ஷூ அது. ஆயிரம் பேர் வாங்கியிருப்பார்கள் என்றாள் கோதை. சொல்லிவிட்டு நாலெட்டு வைத்தவள் வழுக்கி விழுந்தாள், கையை ஊன்றினாள், ஊன்றிய இடத்தில் அவள் கை படுமுன்பே ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது.

அதற்குப் பிறகு கோதையும் சிரிக்கவில்லை. மூவரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, தடங்களை மிதிக்காமல் ஓரமாக, தங்கள் கால்களுக்குப் பின்னால் தாங்களே பதுங்கிப் பதுங்கி நடந்தார்கள். பவளம் வாய்க்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். தன் சாமி போதாதென்று ஸ்டெல்லாவின் மாதாவையும் கூப்பிட்டாள்.

ஊர் எல்லையில் மஞ்சள் பூசிய கல் ஒன்று நின்றது, அதன் அடியில் செருப்பு படம் வரைந்து குறுக்கே கோடு போட்ட தகரப் பலகை. மஞ்சம்பாறை முழுக்கச் சாமி இடம், அங்கே கைப்பிள்ளை முதல் வனக்காவலர் வரை யாரும் காலில் எதுவும் போடுவதில்லை. தடங்களும் அந்தக் கல்லருகே கொஞ்சம் சேறு குழப்பி நின்றுவிட்டு, அதற்கப்பால் வெறுங்காலாகப் போயிருந்தன. ஒன்று நடுவில் குழிவே இல்லாத தட்டைப் பாதம். இன்னொன்றில் கட்டைவிரலைத் தாண்டி நீண்ட இரண்டாம் விரல். மூன்றாவதில் இடதுகால் சுண்டுவிரல் இல்லை. சின்ன வயதில் ஆட்டுக்கல் குழவி உருண்டு நசுக்கிய சுண்டுவிரல் அது, அது இல்லாத காலைப் பவளத்துக்கு அடையாளம் தெரியாமல் எப்படி இருக்கும். ஷூவைக் கழற்றிப் பைக்குள் போடும்போது கயிற்று முடிச்சை அவிழ்க்க விரல்கள் ஒத்துழைக்கவில்லை, கோதை குனிந்து அவிழ்த்துவிட்டாள்.

தடங்கள் ஊரின் ஒற்றைத் தெருவில் இறங்கி ஒரு ஓட்டு வீட்டுக்குள் போயிருந்தன. வாசலில் வெந்நீர்ச் சொம்போடு ஒரு பெண் நின்றாள், கொண்டையில் சீப்பைச் செருகியபடி, விருந்தாளி பிந்தி வந்துவிட்ட முகத்தோடு.

"வாங்க தாயி, என்ன இம்புட்டு நேரம்? உங்க காலு அப்பவே வந்துருச்சு. மூணு பேருக்கு ஒல வெச்சு, சோறு ஆறிப்போச்சு. நான் ஒச்சம்மா. கழுவிட்டு உள்ள வாங்க."

ஒச்சம்மா சொன்னதைக் கேட்டபோது கோதைக்கும் ஸ்டெல்லாவுக்கும் பயம் பாதியாகக் குறைந்தது, ஏனென்றால் அவள் அதைக் கீரை விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள். மழைக்காலத்தில் மஞ்சம்பாறைக்காரர்கள் காலையில் எழுந்ததும் வாசல் தெளிக்குமுன் தெருவைப் பார்ப்பார்கள், யார் யார் வரப்போகிறார்கள், யார் யார் போகப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப அரிசி களைவார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சரின் தடம் ஏறி வந்திருந்தால் பிள்ளைகள் தலை சீவிக்கொள்ளும், வந்திருக்காவிட்டால் டவுசரோடு ஓடைக்கு ஓடும். தோட்ட வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பும் புருஷனின் தடம் சாராயம் விற்கிற இடத்துப் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பெண்டாட்டி அவன் கிளம்புமுன்பே சண்டையைத் தொடங்கிவிடுவாள், அவனும் வாங்கின திட்டு வீணாகப் போவானேன் என்று போய்க் குடித்துவிட்டே வருவான். பெண் பார்க்க மழை நாளில்தான் வரச் சொல்வார்கள், மாப்பிள்ளையின் தடம் வாசலில் தயங்கி நின்ற அளவை வைத்தே பெண்ணின் அம்மா பலகாரத்துக்கு எண்ணெய் காயவைக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வாள். ஓட்டுக் கேட்டு வந்த பெரிய மனிதர் ரோடு போட்டுத் தருகிறேன் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் கால் மலையிறங்கிப் போய்விட்டதைப் பார்த்த ஜனம் மரியாதைக்குக் கைதட்டியது. திருடர்கள் கோடையில் மட்டும் வருவார்கள். ஆட்டுக்கு இது கிடையாது, மாட்டுக்குக் கிடையாது, மனிதருக்கு மட்டும்தான், ஏன் என்று அந்த ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை.

கோதைக்குப் பழைய சிரிப்பு திரும்பிவிட்டது. "எங்க வீட்டுக்காரரு துபாய்ல இருக்காரு. மழைக்கு அவரு காலை இங்கிட்டு வரச் சொல்லணும், எங்கெங்க போறாருன்னு பார்க்கலாம்" என்றாள். ஒச்சம்மாவும் சிரித்தாள். அடுப்பங்கரையில் காலுறைகள் காய்ந்தன, மொச்சைக் குழம்பு மணத்தது, ஸ்டெல்லாகூட இரண்டாம் தரம் சோறு கேட்டாள். பவளத்துக்கு மட்டும் கவளம் இறங்கவில்லை. கை கழுவுகிற சாக்கில் வாசலுக்கு வந்தாள், தெருவின் கீழ்ப்பக்கம் பார்த்தாள், வீட்டை விட்டுக் கிளம்பிப் போன தடங்களைத் தேடினாள்.

இரண்டு பேர்தான் போயிருந்தார்கள். தட்டைப் பாதம் போயிருந்தது, நீள விரல் போயிருந்தது. சுண்டுவிரல் இல்லாத கால் உள்ளே வந்திருந்தது, வெளியே போகவில்லை.

அவள் தெருவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மழையில் குனிந்து குனிந்து தேடினாள். கழுநீர்த் தொட்டியடியில் தேடினாள், வேலியோரம் தேடினாள், மண் இறுகிய இடத்தில் பதியாமல் போயிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மறுபடி தேடினாள். எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி அவள் கண்ணைப் பார்க்காமல் வந்து ஒச்சம்மாவின் வாசலில் புதுப் பாய் ஒன்றைச் சாத்தி வைத்துவிட்டுப் போனாள். பின்னால் வந்தவர் ஒரு குடம் தண்ணீர் வைத்தார். இன்னொருத்தி கிண்ணத்தில் நல்லெண்ணெய் கொண்டுவந்தாள்.

"இது எதுக்கு?" என்றாள் பவளம்.

ஒச்சம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "காலு வந்து வெளிய போகலேன்னா இங்கனயே தங்கிருச்சுன்னு அர்த்தம் தாயி. பாயி, தண்ணி, எண்ண, எல்லாரும் வெக்கிறதுதான்."

"தங்குறதுன்னா? செத்துப் போறதா?"

"சில ஆளு செத்துருக்கு. சில ஆளு இருந்துருக்கு. நெலம் அளக்க வந்தவரு ஒருத்தரு, வந்த எடத்துல இருந்துட்டாரு, இப்ப மூணு பேரப்புள்ள. போன வருசம் வந்த பொண்ணு ராத்திரி படுத்துச்சு, விடிய எந்திரிக்கல. காலு ஏன் தங்குச்சுன்னு தடத்துல தெரியாது. பாயில படுத்த பெறகுதான் தெரியும்."

"நான் போகணும். எம் பிள்ள காத்துக்கிட்டிருக்கும்."

"போலாம். எல்லைக்கல்லு வரைக்கும் போலாம். அதுக்கு மேல காலு எடுக்க வராது." ஒச்சம்மா அவள் தோளில் ஒட்டியிருந்த இலையை எடுத்துவிட்டாள். பவளத்தின் பார்வை வெளியே போன மற்ற இரண்டு தடங்கள் மேல் போவதைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதை மட்டும் செய்யாதீங்க. பெறத்தியா தடத்துல கால வெச்சா வெளிய போயிரலாந்தான். ஆனா அந்தக் காலு போற எடத்துக்குத்தான் போகணும். தடத்துக்காரி இங்க தங்கணும்."

உள்ளே கோதை ஏதோ சொல்லிச் சிரித்தாள். பவளம் மழையில் நின்றபடி கணக்குப் போட்டாள். அப்படி ஒரு கணக்கைத் தன்னால் போட முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஸ்டெல்லாவுக்கு இரண்டு பிள்ளைகள். கோதைக்குப் பிள்ளை இல்லை, புருஷன் துபாயில், வீட்டில் மாமியார் மட்டும்தான், அந்தக் கிழவிக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போனதே இல்லை. கோதை தைரியசாலி, எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வாள். அதோடு, கோதையின் கால் எங்கே போகப் போகிறது? கோதை வீட்டுக்கு. கோதை வீடு எங்கே இருக்கிறது? நம் தெருவில்தானே, நம் வீட்டைத் தாண்டி நாலைந்து வாசல்தானே. போகிற போக்கில் நம் கேட்டைத் திறந்து உள்ளே திரும்பிக்கொண்டால் யார் தடுக்க முடியும்? ஒச்சம்மாவுக்கு மலையைத் தெரியும், திண்டுக்கல்லில் எந்த வீடு எங்கே இருக்கிறதென்று தெரியுமா?

இது துரோகம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தே பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பயம் அவ்வளவு பெரிதாக இருந்தது, அதற்குள் வேறு எதற்கும் இடமில்லை.

"கிளம்புங்கடி, ஓடை ஏறிரும்" என்று வீட்டுக்குள் குரல் கொடுத்துவிட்டு, நீள விரல் பதிந்த முதல் தடத்தில் வலது காலை வைத்தாள். சேறு சில்லென்று இருந்தது, பிறகு சூடாயிற்று, யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியின் சூடு. இடது காலை வைத்தாள். சுண்டுவிரல் இல்லாத இடத்தில், இத்தனை வருஷம் கழித்து, ஒரு விரல் வலித்தது. மூன்றாவது அடியை அவள் எடுக்க வேண்டியிருக்கவில்லை, கால் தானே எடுத்தது. ஒச்சம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஸ்டெல்லா ஒன்றும் அறியாமல் தன் வரிசையில் நடந்து வந்தாள். கோதை சோற்றுக்கு நன்றி சொல்லி, வேண்டாம் வேண்டாம் என்றவர்களின் கையில் முறுக்குப் பொட்டலத்தைத் திணித்துவிட்டுக் கடைசியாக ஓடிவந்தாள். கீழ் எல்லைக்கல்லைப் பவளம் தாண்டினாள், ஸ்டெல்லா தாண்டினாள், இருவரும் ஷூவை மாட்டினார்கள். கோதை கல்லருகே வந்தவள் நின்றாள்.

"இருங்கடி, காலு மரத்துப் போச்சு" என்றாள். தொடையைத் தட்டினாள். கையால் முழங்காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். தன் நீள விரலின் மேல் சுண்டுவிரல் இல்லாத கால் அழுந்தியிருந்ததை வாசலிலிருந்து கல் வரைக்கும் திரும்பிப் பார்த்தாள், பார்த்துவிட்டு மெல்ல நிமிர்ந்தாள்.

"பவளம். அது என் தடம்டி."

பவளம் குனிந்து, கட்டிய ஷூ கயிற்றை மறுபடி இறுக்கினாள்.

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல? உனக்கு என்னன்னு சொல்லியிருந்தா மூணு பேரும் உக்காந்து யோசிச்சிருப்போம்ல? அடிப்பாவி, உன் ஷூ கயிறைக் கூட நான்தானடி அவுத்துவிட்டேன்!"

பிறத்தியார் தடத்தில் கால் வைத்தால் தடத்துக்காரி தங்க வேண்டியதுதான், தங்குகிறவர் பாயில் படுத்தால் எழாமலும் போகலாம் என்று பின்னால் பாயோடு வந்த ஊர்ப் பெண் ஒருத்தி சொன்னபோதுதான் ஸ்டெல்லாவுக்குப் புரிந்தது. பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கோதையின் கையைப் பிடித்து இழுத்தாள். கோதையின் மேல்பாதி வந்தது, கால் வரவில்லை. இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டெல்லாவின் கால்கள் அவளைக் கீழ்நோக்கி நகர்த்தத் தொடங்கின, விரல் விரலாகப் பிடி நழுவியது. "நாளைக்கே ஆளைக் கூட்டிட்டு வர்றேன்டி, ஒண்ணும் ஆகாது, படுத்துராத, பாயில படுத்துராதடி" என்று கத்திக்கொண்டே அவள் இறங்கினாள். வாழ்நாளில் ஸ்டெல்லா ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். கல்லுக்கு அந்தப் பக்கம் ஊர்ப் பெண்கள் வந்து கோதைக்குக் குடை பிடித்தார்கள். கோதை அழவில்லை. திரும்பும் வளைவு வரைக்கும் பவளத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அது பவளத்துக்கு முதுகிலேயே தெரிந்தது.

பஸ்ஸில் ஸ்டெல்லா வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். மலை அடிவாரம் தாண்டி, தென்னந்தோப்புகள் தாண்டி, திண்டுக்கல் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். தெருமுனையில் அவள் வீடு, உள்ளே போய்க் கேட்டைச் சாத்தினாள், தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

தெருவில் விளக்குப் போட்டிருந்தார்கள், தூறல் விட்டபாடில்லை. பவளத்தின் வீட்டு கேட் திறந்தே இருந்தது. அமுதினி உள்ளே நின்றுகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, அப்பா போட்டுவிட்ட கோணல் ஜடையோடு குதித்தாள்.

"அம்மா வந்தாச்சு! அப்பா, அம்மா வந்தாச்சு!"

பவளம் திரும்பினாள். தலை திரும்பியது, தோள் திரும்பியது, கை நீண்டது, கேட்டின் ஈரக் கம்பி விரலில் பட்டது. கால் நேராகப் போயிற்று. கம்பியை இறுகப் பிடித்தாள், கால் இழுத்தது, பிடி விட்டது. அவள் ஸ்டெல்லா கத்தின மாதிரி கத்த நினைத்தாள். என்னைப் பிடி என்றா, வராதே என்றா, எதைச் சொல்வதென்று தெரியாமல் வாய் திறந்தபடி நடந்தாள்.

"அம்மா எங்க போற?"

அவள் புருஷன் வாசலுக்கு வந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். பவளம் போகிற திசையைப் பார்த்தான், அதில் அவனுக்கு ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. "கோதை அத்தை வீட்டுக்குப் போறாடா தங்கம். என்னமோ குடுக்கப் போறா போல."

முன்னால் கோதையின் வீட்டுக் கதவு திறந்தது. கிழவி கண்ணை இடுக்கிக்கொண்டு, கையில் டார்ச்சோடு நின்றாள். டார்ச் வெளிச்சம் பவளத்தின் முகத்தில் விழவில்லை, காலில் விழுந்தது.

"வந்துட்டியா கோதை? கழுவிட்டு வா, தோசை ஆறுது."

கால் படியேறியது. பின்னால் நாலைந்து வாசலுக்கு அப்பாலிருந்து, அழாமல், சந்தேகப்படாமல், அமுதினி கூப்பிட்டுச் சொன்னாள்.

"சரிம்மா, குடுத்துட்டு சீக்கிரம் வா. எனக்குத் தூக்கம் வருது."